பன்னிரண்டு படி கீழே

ஊரில் என்னைப் பற்றி ஒரு விளக்கம் இருந்தது: நான் பாட்டுச் செய்கிறவள், பாடுகிறவள் அல்ல. "கம்ப்யூட்டர்ல பாட்டு அடிக்கிற புள்ள" என்பார்கள், ஏதோ நான் மெஷினில் சட்டை தைத்துக் கொடுப்பது மாதிரி. எனக்கு அந்தப் பேச்சில் எரிச்சல் வந்தாலும் திருத்தப் போனதில்லை. அந்த விளக்கம் இருக்கும் வரைக்கும்தான் மார்க்கம் படிப்பிக்கிற மத்ரஸாக்களும் பாடசாலைகளும் எனக்கு வேலை தரும் என்பது தெரியும்.

கிழக்கிலங்கையில், கல்முனைக்குடியில் என் வீட்டின் பின்னறைதான் ஸ்டூடியோ. ஒரு கம்ப்யூட்டர், இரண்டு திரைகள், ஒரு மைக், ஒரு ஹெட்போன். பெரிய ஸ்பீக்கர் வாங்கவில்லை; சுவருக்கு அந்தப் பக்கம் அயல்வீட்டு மாமி தலை வைத்துப் படுக்கிற கட்டில். பாட வந்தவர் மைக்கின் முன் நின்றதும் காற்றாடியை நிறுத்தவேண்டும், உடனே வியர்த்துக் கொட்டும். பாங்கு சொல்லும்போது வேலையும் நிற்கும். சுற்றியுள்ள மூன்று பள்ளிவாசல்களிலும் பாங்கு ஒரே நேரத்தில் தொடங்குவதுமில்லை, முடிவதுமில்லை. இதற்கிடையில் பாண் ரொட்டி விற்கிற ஓட்டோ தன் மெட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றால் அதுவரை பதிந்தது வீண்.

வேறு ஊர்களில் பாட்டுச் செய்கிறவர்களுக்கு இல்லாத ஒரு வேலை எங்களுக்கு உண்டு. ஒவ்வொரு பாட்டையும் இரண்டு விதமாகச் செய்து கொடுக்கவேண்டும். பாடசாலைக்கு மியூசிக்கோடு ஒன்று, பள்ளிவாசலுக்கும் மத்ரஸாவுக்கும் மியூசிக் இல்லாமல் ஒன்று. கருவி எதுவும் கூடாது, மனிதக் குரல் மட்டும்தான், அதுவும் ஆண் குரல். கருவியை எடுத்துவிட்டால் பாட்டு பல் விழுந்த வாய் மாதிரி ஆகிவிடும். அதனால் அந்த இடத்தையெல்லாம் வாயாலேயே நிரப்புவோம். என் மூத்த சகோதரர், நான் காக்கா என்று கூப்பிடுகிறவர், உதட்டால் "தும்" என்று ஒரு சத்தம் கொடுப்பார்; அதை வெட்டி எடுத்து, வரிசையாக அடுக்கினால் மேளம். பல்லிடுக்கில் "ஸ்" என்றால் தாளம். காக்கா பாடசாலை ஆசிரியர். ஊரில் எந்த விழாவுக்கும் முதல் கூப்பிடுவது அவருடைய குரலைத்தான்.

ஒரு மத்ரஸாவின் கீதத்தைச் செய்தபோது சிக்கல் அடிக்குரலில் வந்தது. பாட்டுக்கு அடியில் நீளமாக ஒரு முழக்கம் ஓடவேண்டும், வாயை மூடிக்கொண்டு இழுக்கிற "ம்" மாதிரி. காக்காவுக்கு மேல்குரல் தேன். கீழே இறங்கினால் நாலு எண்ணுவதற்குள் மூச்சு முடிந்துவிடும். இரண்டு பின்னேரங்கள் முயன்றோம். மூன்றாம் நாள் அவர் பரீட்சைத் தாள் திருத்தவேண்டும் என்று வரவில்லை. நான் கதவைச் சாத்திவிட்டு, இடத்தைப் பிடித்துவைக்க மட்டும் என்று எனக்கே சொல்லிக்கொண்டு, மைக்கின் முன் நின்றேன்.

நாலு தடவை பாடினேன். பிறகு சுருதியை இறக்குகிற சின்ன மென்பொருள் ஒன்றால் அந்த நாலையும் பன்னிரண்டு படி, அதாவது ஒரு முழு ஸ்தாயி, கீழே இறக்கினேன். பாடியது ஒரு பெண் என்று சொன்னால் சொன்னவரைப் பைத்தியம் என்பார்கள். வெறும் மண்டபத்தில் எட்டு ஆண்கள் தோளோடு தோள் நின்று முழங்குவது போல இருந்தது. அதன் மேல் காக்காவின் குரலை வைத்ததும் பாட்டு எழுந்து உட்கார்ந்தது.

அந்த மென்பொருள் கோப்பை மாற்றுவதில்லை. பாட்டு ஓடும்போது மட்டும் அது குறுக்கே நின்று குரலை இறக்கிக் கொடுக்கும்; உள்ளே இருப்பது என் சொந்தக் குரல்தான். இறக்கிய குரலை நிரந்தரமாகப் பதிந்து, மூலத்தை அன்றைக்கே அழித்திருக்க வேண்டும். இந்த வேலை தெரிந்த எவரும் அப்படித்தான் செய்வார். நான் செய்யவில்லை. ஏன் என்று மழுப்ப விரும்பவில்லை. எனக்கு என் குரல் பிடித்திருந்தது. பகலில் வேலைக்கு இடையே அந்த மென்பொருளை நிறுத்திவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அந்த நாலு குரல்களையும் இருந்தபடியே கேட்பேன்.

பாட்டைக் கொடுத்த அன்று மத்ரஸாவின் அதிபர், எல்லாரும் மரியாதையாக ஹஸரத் என்று கூப்பிடுகிறவர், எங்கள் வீட்டு வாசல் வரை வந்தார். பெண்களோடு கதைக்கும்போது நிலத்தைப் பார்த்துக் கதைக்கிற மனிதர். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. காக்காவின் போனில் பாட்டைக் கேட்டு முடித்துவிட்டு வழமையான இரண்டு கேள்விகளைக் கேட்டார்.

"கருவி ஒண்டும் இல்லயே மகள்?"

"இல்ல ஹஸரத்."

"பொம்புளக் குரல்?"

"இல்ல ஹஸரத். எல்லாம் காக்காட குரல். கம்ப்யூட்டர்ல பெருக்கின."

நாக்கு கொஞ்சமும் தடுமாறவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றுதான் சொன்னேன். காக்காவும் அதை நம்பினார். தன்னுடைய "ம்" எத்தனையோ தடவை பதிந்ததுதானே, அதைத்தான் நான் பெருக்கியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். பட்டமளிப்பு விழாவுக்கு இன்னும் இருபது நாள் இருந்தது. அதற்குள் பாட்டு போனுக்குப் போன் போய்விட்டது. கடைத்தெருவில் ஆட்கள் காக்காவின் கையைப் பிடித்து, "அந்த அடிக்குரல் எங்க சேர் வெச்சிருந்த இவ்வளவு நாளும்?" என்று கேட்டார்கள். அவர் வீட்டுக்கு வந்து அதை என்னிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். நான் சிரித்துக்கொண்டே தேநீர் ஊற்றினேன்.

விழா நாள் காலை எட்டு மணிக்கு ஹஸரத்தின் அழைப்பு வந்தது. மத்ரஸாவை ஆரம்பித்த ஆலிமை, அந்த மார்க்க அறிஞரை, புகழும் வரியில் "எங்கள் காவலனே" என்று ஒரு சொல். காவல் அல்லாஹ்வுடையது, மனிதரை அப்படிக் கூப்பிட்டால் அந்தப் பாட்டு மேடையில் ஏறக்கூடாது என்று நிருவாகத்தில் ஒருவர் பிடிவாதமாக நிற்கிறாராம். "எங்கள் ஆசானே" என்று மாற்றித் தரவேண்டும், பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு விழா. அவர் சொன்னது எனக்கும் சரியாகத்தான் பட்டது. ஒரு வரிதானே, அரை மணி நேர வேலை. ஆனால் அன்று எங்கள் பக்கம் மின்கம்பி வேலை. காலையிலிருந்து மாலை வரை மின்சாரம் இல்லை என்று முதல் நாளே அறிவித்திருந்தார்கள்.

காக்காதான் வழி சொன்னார். கல்முனை நகரத்தில் அவருக்குத் தெரிந்த ஓர் அண்ணனின் ஸ்டூடியோ இருக்கிறது, ஜெனரேட்டரும் உண்டு. அண்ணன் பாண்டிருப்புக்காரர், கோயில் திருவிழாக்களுக்குப் பாட்டுச் செய்கிறவர். "நீ ஹார்ட் டிஸ்க்க எடு, ஹஸரத்தையும் அங்க வரச் சொல்லுவம். அவர் கையோட கேட்டுட்டுப் போகட்டும்" என்றார். பாட்டு முழுவதும் இருந்தது அந்த டிஸ்க்கில்தான். கைப்பையில் போட்டுக்கொண்டு ஓட்டோவில் ஏறினேன். வழியெல்லாம் ஆசானே என்பதை எந்த இடத்தில் இழுப்பது என்றுதான் யோசித்தேன். மண்டையில் வேறு எதுவும் உறைக்கவில்லை.

உறைத்தது அண்ணனின் திரையைப் பார்த்தபோதுதான். பாட்டைத் திறந்ததும் நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. இந்தக் கோப்புக்கு வேண்டிய ஒரு மென்பொருள் இந்தக் கம்ப்யூட்டரில் இல்லை என்றது. அண்ணன் ஈயைத் தட்டுவது போல அதைத் தட்டி மூடினார்.

குரலை இறக்குகிறவன் என் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் இல்லாமல் கிடக்கிறான். இங்கே யாராவது பாட்டை ஓட விட்டால் வருவது ஆண்கள் அல்ல, நான். இரண்டு பக்கமும் என் இடுப்பு உயரத்துக்கு ஸ்பீக்கர்கள். பக்கத்துக் கதிரையில் காக்கா. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஸலாம் சொல்லிக்கொண்டு உள்ளே வருகிறார் ஹஸரத்.

"அண்ணன், நான் செய்யிறனே" என்று மவுஸுக்குக் கை நீட்டினேன்.

"நீங்க இருங்க தங்கச்சி. இந்த மெஷின் கொஞ்சம் குழப்படி, எனக்குத்தான் மசியும்" என்றார் அவர், மரியாதையாகவே. எனக்கு அந்த மரியாதையைப் பிடுங்கி எறியவேண்டும் போல இருந்தது.

"அப்ப கீழ கிடக்கிற நாலையும் மூடிருங்க. காக்காக்குச் சுருதி குழம்பும்."

அவர் மூடினார். என் நாலு குரல்களின் கோடுகளும் திரையில் சாம்பல் நிறமாகின. எனக்கு மூச்சு வந்தது. காக்கா கண்ணாடி அறைக்குள் போய் மைக்கின் முன் நின்றார். "எங்கள் ஆசானே" என்று பாடினார். முதல் தடவை சொல் தாளத்தை விட்டு முந்தியது. இரண்டாம் தடவை அவர் இழுத்த இழுப்பில் ஆசான் காணாமற் போனார். எட்டாவது தடவைதான் சரியாக உட்கார்ந்தது. அதற்குள் ஹஸரத் மூன்று முறை மணிக்கூட்டைப் பார்த்துவிட்டார். நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வரி முடிந்தது. டிஸ்க்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி, யாரிடமாவது கெஞ்சி ஒரு மணி நேரம் ஜெனரேட்டர் வாங்கி, என் கம்ப்யூட்டரிலேயே பாட்டை முடித்துவிடலாம். தலை தப்பும்.

"சரி ஹஸரத், வரி சரியாயிட்டு. நான் வீட்ட போய் முடிச்சி அனுப்புறன்" என்று எழுந்தேன்.

"இரிங்க மகள். முழுசா ஒருக்காக் கேட்டுட்டுப் போவம். பொறகு இன்னொரு சொல்லுப் பிழைச்சிட்டெண்டா எனக்கு நேரமில்ல."

நான் வாயைத் திறப்பதற்கு முன் அண்ணன் மூடியிருந்த நாலு கோடுகளையும் திறந்துவிட்டார். பாட்டை முழுசாகப் போடு என்றால் எந்த ஸ்டூடியோக்காரனும் அதைத்தான் செய்வான். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

என் குரலை நான் அதுவரை ஸ்பீக்கரில் கேட்டதே இல்லை. அறை முழுக்க நிறைந்தது அது. கதிரையின் கைப்பிடியில் கூட அதிர்வு தெரிந்தது. எனக்குப் பயம்தான். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், அந்தப் பயத்துக்கு நடுவே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நன்றாக இருந்தது அந்தக் குரல். என்னை விட்டால் வேறு யாரும் அதைச் சொல்லப்போவதில்லை என்பதால் நானே எழுதிவைக்கிறேன்.

அண்ணன் ஒரு விநாடி தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு திரையை மட்டும் பார்த்தார், என் பக்கம் திரும்பவே இல்லை. அவருக்கு விளங்கிவிட்டது. காக்கா கண்ணாடி அறைக் கதவைத் திறந்தபடி அப்படியே நின்றார். என் குரல் அவருக்குத் தெரியாதா? சின்ன வயதில் அவரோடு சேர்ந்து ஓதி வளர்ந்த குரல். அவருடைய முகத்திலிருந்து இரத்தம் இறங்குவதை நான் பார்த்தேன்.

"நிப்பாட்டுங்க" என்றார் ஹஸரத்.

அண்ணன் நிறுத்தினார்.

"இது பொம்புளக் குரல்தானே?"

காக்கா முந்திக்கொண்டார்.

"இல்ல ஹஸரத். அது என்ட குரல். கம்ப்யூட்டர் மேல ஏத்தி விட்டிருக்கு. வேற மெஷின்ல போட்டா இப்படி வாறதுதான்."

காக்கா பொய் சொல்லி நான் கண்டதில்லை. பிள்ளைகளுக்குப் பரீட்சையில் அரைப் புள்ளி கூட்டிப் போடச் சொன்னாலும் மறுக்கிறவர். ஹஸரத் அவரைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தபடி என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க மகள். செஞ்சது நீங்கதானே. இது என்ன?"

அந்தக் கேள்வியில் மிரட்டல் எதுவும் இல்லை. உண்மையைச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. காக்காவின் முகத்தைப் பார்த்தேன். இப்போது நான் உண்மையைச் சொன்னால் இந்த அறையில் பொய்யர் அவர்.

"கம்ப்யூட்டர்ட பிழை ஹஸரத்" என்றேன்.

அண்ணன் மெதுவாகக் கேட்டார், "இறக்கி விடட்டா? என்னட்டயும் ஒண்டு இருக்கு. பன்னிரண்டு படி இறக்கினாச் சரியாயிடும்." எத்தனை படி என்று அவருக்கு நான் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் கேட்டார் அந்த மனிதர்.

ஹஸரத் தலையை ஆட்டினார். "வேணாம். என்ட காதுல அது விழுந்திட்டு. இனி இறக்கினாலும் எனக்கு அதுதான் கேக்கும். பிழையெண்டாப் பிழைதானே, அழிச்சிருங்க. காக்காட மேல்குரல் மட்டும் போதும்."

அண்ணன் கதிரையை விட்டு எழுந்து மவுஸை என் பக்கம் தள்ளினார். அந்த வேலையை அவர் செய்யமாட்டார் என்று எனக்கு விளங்கியது. சற்று முன் நான் கெஞ்சிய அதே இடத்தில் இப்போது உட்கார்ந்தேன். நாலு கோடுகளையும் தெரிவு செய்து அழித்தேன். கோடு போனாலும் குரல் டிஸ்க்கில் தங்கும். தேடினால் யாரும் எடுக்கலாம். அந்தக் கோப்புகளையும் தேடிப் பிடித்து, குப்பைக்கு அனுப்பி, குப்பையையும் காலியாக்கினேன். யாரும் அதைக் கேட்கவில்லை. பயத்தில் நானாகச் செய்தேன்.

அஸருக்குப் பிறகு விழா நடந்தது. பெண்களின் பக்கத்தில், திரைக்குப் பின்னால், நானும் இருந்தேன். பட்டம் பெறுகிற பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் எழுந்து நிற்க, கீதம் ஒலித்தது. காக்காவின் குரல், அந்த "தும்", இடையிடையே "ஸ்". அடியில் ஒன்றும் இல்லை. பக்கத்தில் இருந்த, வயதில் மூத்த ராத்தா ஒருவர், "போன்ல கேட்ட நேரம் நல்லா இருந்த, இது என்ன வெறிச்செண்டு கிடக்கு?" என்றார். நான் என் கைவிரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஹஸரத் மேல் அல்ல. அவர் கேட்ட கேள்வி அவருக்கு நியாயமானது. என் குரலைப் பிழை என்று சொன்ன வாய் என்னுடையது.

சனம் கலைந்தபோது மத்ரஸா மதிலோரம் நானும் காக்காவும் ஓட்டோவுக்கு நின்றோம். ஹஸரத் வந்து காக்காவுக்குக் கை கொடுத்தார். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"மகள், அந்தப் பழைய பாட்டு என்ட போன்ல இருந்த. இருபது நாளும் விடிய சுபஹுத் தொழுகைக்குப் பொறகு கேட்டன். இண்டைக்கு அதையும் அழிச்சிட்டன். பிழையெண்டு நீங்க சொன்னதால."

அவர் திரும்பி நாலு எட்டு வைத்திருப்பார்.

"ஹஸரத்" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. காக்கா என் முழங்கையைப் பிடித்தார். "அது பிழையில்ல. அது நான். காக்காக்கு முதல்ல தெரியா, எனக்காகத்தான் அப்படிச் சொன்ன."

ஹஸரத் நின்றார். நான் ஏச்சை எதிர்பார்த்தேன். ஏச்சு வந்திருந்தால் நானும் இரண்டு சொல்லத் தயாராக இருந்தேன்.

"நீங்க பாடினது எனக்குச் சரியில்ல மகள். நான் வாசலுக்கு வந்து கேட்ட நேரம் இல்லயெண்டு சொன்னது அதவிடச் சரியில்ல" என்றார். பிறகு, தணிந்த குரலில், "ஆனா மெஷின்ட தலையில போட்டீங்களே, அது உங்களுக்கே நீங்க செஞ்ச அநியாயம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அந்த மத்ரஸாவிலிருந்து அதன் பிறகு எனக்கு வேலை வரவில்லை. அவர் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும். மற்ற வேலைகள் வழமைபோல் வந்தன.

அன்று காக்காவும் நானும் ஓட்டோவில் திரும்பினோம். அவரைக் கேவலப்படுத்திவிட்டேன் என்று நினைத்தேன். கடைத்தெருவில் அவர் கையைப் பிடித்துப் பாராட்டியவர்கள் அத்தனை பேரும் எனக்குக் கண் முன்னே வந்து போனார்கள். வீட்டு வாசலில் இறங்கியதும் அவர் உள்ளே வராமல் நின்றார்.

"எல்லாத்தையும் அழிச்சிட்டாயா?"

"ஓம் காக்கா. குப்பையையும் காலியாக்கிட்டன்."

"உன்ட சொந்தக் குரல், இறக்காதது, வேற எங்கயும் இல்லயா?"

"இல்ல."

அவர் வாசல் கேற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தார்.

"முதல்ல என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா" என்றார், "அங்க உன்ட குரல் வந்த நேரம் நான் பயப்படாமக் கேட்டிருப்பன் புள்ள."